மலை மறைத்த நிலா

தைப்பூசத்துக்காக ஜலகண்டாபுரத்தில் விசைத்தறிகள் நின்றிருந்தன. இப்படியொரு அமைதி வாய்த்தால் மனுஷன் உட்கார்ந்து நிலாவைப் பார்க்க வேண்டாமா? காளிதாஸ் மொட்டை மாடியில் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தான்.

நிலா என்னவோ அமர்க்களமாகத்தான் வந்திருந்தது. மழை ஓய்ந்து, துடைத்துவிட்ட மாதிரி வானம். பனிக்காலப் பௌர்ணமிகளில் அவனும் மனைவி ஸ்ரீதேவியும் வறுத்த கடலையோடு மேலே வந்துவிடுவார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவர்களுக்கு இருந்த ஒரே ஆடம்பரம் அதுதான். அவள் காட்டும் ஆறுமீன் நட்சத்திரக் கூட்டத்தை இன்று தனியாகத் தேடினான். நிலா வெளிச்சத்தில் பிடிபடவில்லை. உட்கார்ந்தான். எழுந்தான். பொங்கலன்று ஆரம்பித்த சண்டை மாட்டுப் பொங்கலிலும் ஓயாமல், அவன் தறி மறுபடி ஓடத் தொடங்கிய அன்று அவள் சேந்தமங்கலத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்.

சண்டை போகட்டும், எந்த வீட்டில் இல்லை? அவனைத் தூங்கவிடாமல் செய்தது அவள் கிளம்பும்போது சொன்ன வார்த்தை. 'போறேன்' என்றாள். கடைக்குப் போகிறவள்கூட 'போயிட்டு வாரேன்' என்றுதானே சொல்வாள்? இழவு வீட்டில்கூடச் சொல்லாமல் கிளம்புவார்களே தவிர, வெறும் 'போறேன்' என்று யாராவது சொல்வார்களா? அப்படியானால் திரும்பி வரவே மாட்டாளோ?

பொறுக்க முடியாமல் போனைப் போட்டான்.

"நெலாப் பாத்தியா?" என்றான். கேட்க நினைத்தது அதுவல்ல.

"இங்க எங்கீங்க நெலா? கொல்லிமலை மறைச்சுக்கிட்டு நிக்குது. மேல வர நேரமாகும்."

"இங்க அப்பவே மேல வந்திருச்சு." அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை. "ஏம்புள்ள, போறேன்னு சொல்லிட்டுப் போயிட்டியே, அப்படிச் சொல்லலாமா?"

"நானா?" ஸ்ரீதேவியின் குரல் உயர்ந்தது. "போயிட்டு வாரனுங்கன்னு தறிகிட்ட வந்து ரெண்டு தரம் சொன்னேன். அந்தச் சத்தத்துல உங்களுக்குப் பாதிதான் கேட்டிருக்கும். நீங்க என்ன சொன்னீங்கன்னு நெனப்பிருக்குதுங்களா?"

காளிதாஸுக்கு நினைவில்லை.

"தலையத் தூக்காம 'போ'ன்னீங்க. போயிட்டு வான்னு சொல்லலை. எங்கம்மா தெனமும் கேக்குது, மாப்பிள்ள எப்ப வரச் சொன்னாருன்னு. நான் என்னத்தச் சொல்லட்டும்?"

சுருக்கென்று தைத்தது. இத்தனை நாளும் அவள் வார்த்தையையே நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். தன் வாயிலிருந்து விழுந்ததை ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"தப்புத்தான் புள்ள. வந்துரு," என்றான்.

அந்தப் பக்கம் எங்கோ ஒரு நாய் குரைப்பது மட்டும் கேட்டது. பயந்துபோய், "ஸ்ரீதேவி?" என்றான்.

"வந்திருச்சுங்க."

"யாரு?"

"நெலாதானுங்க. மலைக்கு மேல முழுசா வந்திருச்சு." மூக்கை உறிஞ்சினாள். "தனியாப் பாக்கப் புடிக்கலைங்க. வண்டிய எடுத்துட்டு வாங்க."

சாவியைத் தேடி அவன் படியிறங்கும்போது, "குல்லாப் போட்டுக்குங்க, பனி கொட்டுது," என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.