பின்சீட்டுக் கால்

எங்கள் பயிற்சி விமானத்தில் முன்சீட்டு மாணவனுக்கு, பின்சீட்டு வாத்தியாருக்கு. மூக்கில் ஒரே ஒரு புரொப்பெல்லர். இரண்டு சீட்டிலும் ஒரே மாதிரி ஸ்டிக், விமானத்தைத் திருப்ப ஒரே மாதிரி பெடல். எல்லாம் உள்ளே பிணைத்திருக்கும். பின்னால் அவர் மிதித்தால் முன்னால் என் பெடலும் இறங்கும். மிதித்தது யார் என்று வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியாது.

அன்று எனக்குக் கடைசிப் பரீட்சை. தேறினால் பைலட். தோற்றால் கையில் துப்பாக்கியைக் கொடுத்து எல்லைப் பதுங்குகுழிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே சண்டை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் தோற்றவன் சவப்பெட்டியில்தான் திரும்பி வந்தான்.

பரீட்சை வைக்க வேண்டிய வாத்தியார் முந்தின நாள் காய்ச்சலில் படுத்துவிட்டார். அவருக்குப் பதிலாக வந்தவர் என் அக்கா புருஷன். சொந்தக்காரர் பரீட்சை வைக்கக் கூடாதுதான். "வேற ஆள் யாரு இருக்கா?" என்று அதிகாரி கையை விரித்துவிட்டார். மாமாவுக்கு என்னைக் கண்டாலே வேப்பங்காய். கல்யாணமான நாளிலிருந்து அக்கா வாயைத் திறந்தால் தம்பி, தம்பி என்கிறாளாம். அதற்கு நான் என்ன செய்ய?

சத்தியமாகச் சொல்கிறேன், அன்று பிரமாதமாக ஓட்டினேன். குட்டிக்கரணம், சுழன்று விழுந்து மீள்வது, என்ஜினை அடக்கிவிட்டு இறங்க இடம் தேடுவது, எதிலும் அச்சு பிசகவில்லை. ஹெட்போனில் மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. பாராட்ட மனசு வரவில்லையாக்கும் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

சக்கரம் ஓடுபாதையைத் தொடப்போகிற நேரம், என் வலது காலுக்கடியில் பெடல் சரக்கென்று இறங்கியது. நான் மிதிக்கவில்லை. இடது காலால் பலங்கொண்ட மட்டும் எதிர்த்து மிதித்தேன்; அசைந்து கொடுக்கவில்லை. விமானம் திரும்பி, ஒரு சக்கரம் புல்லில் இறங்கியது.

"கன்ட்ரோல் என்கிட்ட," என்றார் மாமா. அழகாகத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார். பரீட்சகர் கை வைத்தால் மாணவன் ஃபெயில்.

"சார், அவர்தான் பெடல மிதிச்சாரு!" என்று அதிகாரியிடம் கத்தினேன். பக்கத்தில் நின்ற மெக்கானிக்குகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தோற்கிற ஒவ்வொருத்தனும் சொல்வது அதைத்தான்.

சாயங்காலம் நேரே மாமா குவார்ட்டர்ஸுக்குப் போனேன், இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று. கதவைத் திறந்த அக்கா முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"கோச்சுக்காதடா. நான்தான் மிதிக்கச் சொன்னேன். நேத்து அவர் கால்ல விழாத குறை. அப்பா மாதிரி நீயும் ஆகாசத்துலேர்ந்து விழுந்து சாகணுமா? இனிமே ஏதாவது ஆபீஸ்ல நிம்மதியா உக்காந்து வேலை பாரு."

மாமா மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எந்த ஆபீஸ்ல?" என்றேன். "திங்கக்கிழமை எல்லைக்குப் போறேன். பதுங்குகுழிக்கு. ஃபெயிலானவன எல்லாம் அங்கதான் அனுப்புறாங்க."

அக்கா முகம் சுண்டிப்போயிற்று. புருஷன் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? அவன் பிளேன்ல போகக் கூடாதுன்ன. போகல. கொஞ்சம் தண்ணி கொண்டா."

அக்கா என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, நானே உன்ன…" என்று கதறினாள். பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அவள் கையைத் தட்டிவிட்டேன்.

"அவர் தண்ணி கேக்குறாரு. போய்க் குடு," என்றேன்.