வால் கனத்துப்போன போர்விமானம்

1

இந்தக் கதை ஒரு புகாராகத்தான் பிறந்தது. எனக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் நடுவே ஒரே சுவர். நாலு வருஷமாக அந்தச் சுவருக்கு அப்பால் உப்புத்தாள் தேய்க்கும் சத்தம். நான் ஒரு வரி எழுதுவதற்குள் அங்கே நூறு தேய்ப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமை போய், நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். திரும்பி வரும்போது சட்டையெல்லாம் மரத்தூள், வாயெல்லாம் பல். கேட்கப் போனதைக் கேட்கவே இல்லை.

2

முதல் வரி மட்டும் அமைவேனா என்கிறது. எழுதிப் பார்த்தவை:

"போர்மேகங்கள் சூழ்ந்த அந்த வானில்..."
(எந்த வானில்? விமானம் நிற்பது சாப்பாட்டு மேசைமேல்.)

"அவர் வெறும் பல்செட்காரர்தான், ஆனாலும் அவருக்குள் ஒரு விமானி..."
(அதென்ன 'ஆனாலும்'? பல்செட் செய்தால் என்ன குறைச்சல்?)

"இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை"
(இதற்கு மேல் ஓடவில்லை.)

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். அவர் பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவர். அவர் மனைவி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். கிரேன்காரம்மா என்றே எழுதப்போகிறேன், அவருக்கும் அது பிடித்திருக்கிறது. அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு பழைய காலத்துப் போர்விமானம் நிற்கிறது. அசலில் ஏழில் ஒரு பங்கு. அலங்காரப் பொம்மை இல்லை, ரிமோட்டில் நிஜமாகவே பறப்பதற்கென்று கட்டியது. அதனால் புருஷனும் பெண்டாட்டியும் நாலு வருஷமாகத் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்குள் ஒரே ஒப்பந்தம்: இவர் கட்டுவார், அந்த அம்மா பறக்கவிடுவார். ராட்சசப் பெட்டிகளை இரண்டு கட்டைவிரல் அசைவில் பூப்போல இறக்கி வைக்கிறவருக்கு இதெல்லாம் எம்மாத்திரம்.

3

பல்செட்காரர்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மனிதராக இல்லை, கதாபாத்திரமாக. ஆளுக்கு ஒரு சோகமும் கிடையாது. போர்விமானம் கட்டுகிறவர் போரில் யாரையாவது இழந்திருக்க வேண்டாமா? கேட்டே விட்டேன்.

"உங்க அப்பா பட்டாளத்துல இருந்தாரா?"

"இல்லையே. பிஸ்கட் கம்பெனி."

"அப்புறம் ஏன் சண்டை விமானம்?"

"மூக்கு நல்லா இருந்துச்சு சார்."

இதை வைத்துக்கொண்டு நான் என்ன இலக்கியம் செய்வது?

(அடிக்குறிப்பு போல ஒன்று: முந்தைய படியில் அவருக்கு ஓர் அண்ணனைக் கொடுத்து, போரில் சாகடித்தும் இருந்தேன். கிரேன்காரம்மா அதைப் படித்துவிட்டு, "நல்லா இருக்கற குடும்பத்துல ஏன் சார் சாவு வைக்கிறீங்க?" என்று கேட்டார். அண்ணனை எடுத்துவிட்டேன். பாவம், இரண்டு பக்கம்தான் வாழ்ந்தான்.)

பிறகு ஒருநாள் விமானத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த விமானி பொம்மையை உற்றுப் பார்த்தேன். அதற்குப் பல் இருந்தது. குருணை அளவில், வரிசையாக, சுத்தமாக. பல்செட்காரர் கை சும்மா இருக்குமா? பொம்மை பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தது.

"சண்டைக்குப் போறவன் எதுக்குங்க சிரிக்கிறான்?"

"இவன் போகலை சார். திரும்பி வர்றான்."

அந்தப் பதிலோடு எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

4

விமானம் மழைக்காலத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. அதை ஒத்துக்கொள்ளாதவர் அவர் ஒருவர்தான். அசல் விமானத்தின் தகட்டில் ஆணித்தலைகள் தெரியுமாம். அதற்காக உடம்பு முழுக்கப் பசையால் பொட்டுப் பொட்டாக வைத்தார், பல்செட்டுக்கு மெழுகு இழைக்கிற அதே ஊசியால். பொட்டுமேல் பெயிண்ட். பெயிண்ட்மேல் புகைக்கறை. கறைமேல், வெயிலிலும் மழையிலும் கிடந்த மாதிரி ஒரு மங்கல். எப்போது பறக்கும் என்று கேட்டால், "பெயிண்ட் காயட்டும்" என்பார். காய்ந்ததும் இன்னொரு பூச்சு.

காரணம் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். பறந்தால் விழலாம். நாலு வருஷ உழைப்பு ஒரே நிமிஷத்தில் சுள்ளியாகிவிடலாம். மனிதருக்குப் பயம். எனக்கு அது நன்றாகவே புரிந்தது. நானும் இந்தப் பத்தியில் ஒரு காற்புள்ளியை எடுத்து, மறுபடி போட்டு, இதோ மறுபடியும் எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு சாயங்காலம் கிரேன்காரம்மா வேலை முடிந்து வந்தார். கையைக் கழுவினார். இரண்டு இறக்கைக்கும் அடியில் விரல் நுனிகளை வைத்து விமானத்தை அலாக்காகத் தூக்கினார். எடை சரியாக இருந்தால் அது சமமாக நிற்க வேண்டும். வால் தொபுக்கென்று தொங்கியது.

"பாத்தீங்களா? வாலுக்கு அலங்காரம் பண்ணிப் பண்ணிக் கனமாக்கிட்டீங்க. இப்படியே விட்டா ஏறினதும் மல்லாந்துடும்."

"சும்மா பொட்டு மட்டும்தானே வச்சேன்..."

"விழுந்துடும் விழுந்துடும்னு பயந்து, விழற மாதிரியே பண்ணி வச்சிருக்கீங்க."

பல்செட்காரர் முகம் தொங்கிப்போய் உள்ளே போனார். தூண்டிலில் கட்டுகிற ஈயக்குண்டுகளைக் கொண்டுவந்து, மூக்குக்குள் ஒவ்வொன்றாக ஒட்டினார். அந்த அம்மா தூக்கித் தூக்கிப் பார்த்தார். வால் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து, கடைசியில் சமமாக நின்றது. உடனே அவர் பெயிண்ட் டப்பாக்களை எல்லாம் மூடி மனைவி கையில் கொடுத்தார்.

"எங்கயாவது ஒளிச்சு வை. நான் கெஞ்சினாலும் குடுக்காதே."

5

கைவசம் உள்ள முடிவுகள்:

அ. விமானம் விழுகிறது. இடது இறக்கை நொறுங்குகிறது. ஆனால் முதல் வருஷமே, வரைபடத்தைத் திருப்பிப் போட மறந்து, அவர் இரண்டு இடது இறக்கைகளைக் கட்டித் தொலைத்திருந்தார். மிஞ்சிய ஒன்று பீரோமேல் இருக்கிறது. அதை எடுத்துப் பொருத்தி, மறுபடியும்... (தவறு நிஜமாகவே நடந்தது, ரிமோட் விமானக் கிளப்பில் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். முடிவுதான் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. வேண்டாம்.)

ஆ. விமானம் பறந்துகொண்டே போய் மேகத்துக்குள் மறைகிறது. மனித வாழ்க்கையும் இப்படித்தான்... (நிறுத்திவிட்டேன். மன்னியுங்கள்.)

இ. பறக்கவிடாமல் கூடத்தில் தொங்கவிடுகிறார்கள். இதைக் கிரேன்காரம்மாவிடம் சொன்னேன். "தாராளமா. ஒட்டடை அடிக்க நீங்க வாங்க" என்றார்.

6

ஆகவே கிளப் மைதானம். காலை, காற்று அதிகம் இல்லை. ரிமோட் கிரேன்காரம்மா கையில். பல்செட்காரர் விமானத்தைப் பாதையில் வைத்துவிட்டு வந்து, முதுகைக் காட்டி, கார் கதவைப் பார்த்தபடி நின்றார். மோட்டார் சீறியது. சக்கரங்கள் புல்லில் தடதடத்தன. பிறகு தடதடப்பு நின்றுவிட்டது.

"ஏங்க, திரும்புங்க."

"நீ ஓட்டு. எனக்கு வேணாம்."

"சாயுதா, நேரா போகுதான்னு பாக்கவே எனக்குக் கண்ணு சரியா இருக்கு. அழகா இருக்கான்னு யாரு பாக்கறது?"

திரும்பினார். தலைக்கு மேலே அது வட்டமடித்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு பொட்டுகூடத் தெரியலையே!" என்றார். சொல்லிவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அவ்வளவு சந்தோஷமான ஆளை நான் கிட்டத்தில் பார்த்ததில்லை.

"இப்ப நீங்க பிடிங்க."

"ஒப்பந்தம் அது இல்லையே?"

"கையை விட்டாலும் நேராத்தான் போகுது, பாருங்க." இரண்டு கட்டைவிரல்களையும் தூக்கிக் காட்டினார். விமானம் அதுபாட்டுக்குப் போனது. ரிமோட்டை அவர் கையில் திணித்துவிட்டார்.

நடுங்கிக்கொண்டே ஒரு சுற்று. நடுங்காமல் இன்னொன்று. பேட்டரி தீரப்போவதாக ரிமோட் கீச்சிட்டது. அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

இந்தக் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. இறக்குகிறவர் எவரோ, அவரேதான் உரக்கச் சொல்ல வேண்டும், பாதையில் நிற்பவர்கள் விலகுவதற்காக. பல்செட்காரர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

"இறங்குது!" என்று கத்தினார். மைதானமே திரும்பிப் பார்த்தது.

விமானம் கடைசித் திருப்பத்தில் இருக்கிறது, மூக்கு இந்தப் பக்கம். நான் இங்கேயே விட்டுவிடுகிறேன். அப்புறம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும்; ஆனால் இத்தனை பக்கம் அதை விழவைக்கவே பார்த்தவன் நான், இறக்குகிற உரிமை எனக்கு இல்லை. முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். நீங்கள் பாதை நடுவில் நிற்கிறீர்கள். அவர் கத்துவது உங்களைப் பார்த்துத்தான்.