இரத்தத்தின் மேல் ஒரு பெட்டிசம்

கற்பிட்டி றோட்டில், முகாமாகத் தொடங்கி ஊராகிப்போன குடியிருப்பு ஒன்றில் சாஹுல் ஹமீது இருந்தார். புத்தளத்து அரசாங்கக் கந்தோர்களில் அவரை நேரில் கண்டவர்கள் குறைவு, அவருடைய கையெழுத்தைக் காணாதவர்கள் இல்லை. தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து ஓலைக் கொட்டிலில் இருந்த காலத்தில், கிணறு வேண்டுமென்று அவர் எழுதிய முதல் பெட்டிசத்துக்கு மூன்றே மாதத்தில் கிணறு வந்துவிட்டது. அந்தக் கிணறுதான் அவரைக் கெடுத்தது. அதன் பிறகு தெரு விளக்கு எரியாவிட்டாலும், பேக்கரிப் பாணின் நிறை குறைந்தாலும், தபால்காரர் மணி அடிக்காமல் போனாலும் பேனையைத் திறந்துவிடுவார். யுத்தம் முடிந்து மன்னாருக்குப் பாதை திறந்தபோதும் அவர் திரும்பிப் போகவில்லை. இங்கே முடிக்கவேண்டிய பெட்டிசங்கள் நிறைய இருக்கின்றன என்றார்.

அறுபத்தொரு வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, சந்தியில் பஸ் நிற்காமல் போவதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தபோது, யாரோ நெஞ்சின் நடுவில் அம்மிக்கல்லை இறக்கி வைத்தது போலிருந்தது. வியர்த்துக் கொட்டியது. இடது கை கனத்தது. எழுதுவது வலது கையால் என்பதால் அவர் நிறுத்தவில்லை.

"வயித்துக் கேஸ்தான்," என்றார் மனைவி சுல்பாவிடம். "சோடாவுக்குள்ள தேசிக்காய் புளிஞ்சு தா."

"முகம் சுண்ணாம்பு மாதிரி இரிக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"இத முடிச்சிட்டு."

சோடா மூன்று போத்தல் முடிந்தது. பெட்டிசம் நாலாம் பக்கத்துக்கு வந்தது. பகல் இரண்டு மணிக்கு, 'தங்கள் உண்மையுள்ள' என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடக் குனிந்தவர், கதிரையோடு சரிந்தார். சுல்பா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆட்டோ வந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் சுதர்சினி, சிலாபம் பக்கத்துப் பிள்ளை, முப்பது வயதுகூட இராது, ஈசீஜீ தாளைப் பார்த்த கையோடு ஊசி மருந்தை ஏற்றச் சொன்னார். இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயை ஒரு இரத்தக்கட்டி அடைத்திருக்கிறது, மருந்து அதைக் கரைக்கும் என்றார். ஒரு மணித்தியாலம் போனது. அம்மிக்கல் அசைந்தது, நகர்ந்தது, பிறகு காணாமலே போனது. சாஹுல் ஹமீது எழும்பி உட்கார்ந்தார்.

"வலி போயிட்டு. வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டித் தாங்க டொக்டர், நாலரைக்குத் தபால் பையக் கட்டிருவாங்க."

"படுங்க ஐயா. இனித்தான் கவனமா இருக்கணும்."

"வலிக்குள்ள கவனம் சரி. வலி போன பொறகு என்னத்துக்குக் கவனம்?"

அவர் காதில் கடைசியாக விழுந்தது அவருடைய கேள்விதான். திரையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பச்சைக் கோடு கோழி கிளறிய மண்ணைப் போலக் குழம்பியதையோ, டொக்டர் மின் அதிர்ச்சிக் கருவியை இரண்டு தரம் வைத்ததையோ, சுல்பா கலிமாச் சொல்லிக்கொண்டே கட்டில் காலைப் பிடித்திருந்ததையோ அவர் அறியவில்லை. கண் விழித்தபோது மார்பில் இரண்டு இடத்தில் எரிவு மட்டும் இருந்தது.

மறுநாள் ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தின் முன்சுவர் சோம்பலாகத்தான் அசைகிறது என்றார்கள். கட்டிலில் புரண்டாலே மூச்சு வாங்கியது. சாஹுல் ஹமீது யோசித்தார். வலியோடு வந்தேன், மருந்து தந்தார்கள், வலி போனது, அதற்குப் பிறகுதானே இதயம் குழம்பியது? பள்ளிக்கூடத்தில் ரீச்சராக இருக்கும் மகள் அக்கீலாவைக் கொப்பியோடு வரச்சொன்னார்.

"எழுது. பொருள்: கட்டியைக் கரைப்பதாகச் சொல்லி இதயத்தைப் பழுதாக்கியமை."

"வாப்பா, அந்த டொக்டர்தான் உங்கட உயிரக் காப்பாத்தினவ."

"அது வேற. நன்றிக் கடிதம் தனிய எழுதலாம். முதல்ல இது."

ஆனாலும் அவர் நீதியான மனிதர். மறுபக்கத்தைக் கேட்காமல் எதையும் தபாலில் போட்டதில்லை. டொக்டர் வார்ட்டைச் சுற்றி வந்தபோது நேரடியாகவே கேட்டார். டொக்டர் கோபிக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் கை ஊன்றிக்கொண்டு சொன்னார்.

"இரத்தம் வராம அந்தத் தசை பட்டினி கிடந்திச்சு ஐயா. கன நேரம் அப்பிடிக் கிடந்ததுக்கு இரத்தமும் ஒட்சிசனும் ஒரேயடியா வந்து விழுந்தா, அதால தாங்க ஏலாது. கொஞ்சம் அதிலயே சாகும். கொஞ்சம் மயங்கிக் கிடக்கும். துடிப்பும் குழம்பும். நேத்து நடந்தது அதுதான்."

"அப்ப இரத்தத்தத் திருப்பி விட்டிருக்கக்கூடாது."

"விடாட்டி அந்தப் பக்கம் முழுக்கச் செத்திருக்கும். உங்களோட நான் இப்ப கதைச்சுக்கொண்டிருக்க மாட்டன்."

"மெதுவா விட்டிருக்கலாமே?"

"கட்டிக்கு மெதுவாக் கரைன்னு சொல்ல ஏலுமா? இந்தச் சேதத்தத் தடுக்கிற மருந்த எவ்வளவோ பேர் தேடுறாங்க. இன்னும் சரியா ஒண்டும் அகப்படல்ல."

"அப்ப குற்றவாளி ஆரு?"

"உங்கட இரத்தம்தான் ஐயா."

பக்கத்துக் கட்டிலில் முந்தலைச் சேர்ந்த அருளப்பு படுத்திருந்தார். இறால் பண்ணைக்காரர், அவருக்கும் இதய வருத்தம்தான். சிரிக்கக்கூடாது என்று அவருக்குக் கண்டிப்பான உத்தரவு. "ஹமீது நானா," என்றார் நெஞ்சைப் பொத்திக்கொண்டு, "விலாசம் என்ன போடப்போறீங்க?"

சாஹுல் ஹமீது அவரைக் கவனிக்கவில்லை. "சரி, நடந்ததை நேரப்படி எழுது. காலை எட்டு மணி, வலி தொடங்கியது. பகல் இரண்டு நாற்பது, ஆஸ்பத்திரி."

அக்கீலாவின் பேனை நின்றது. "நடுவில ஆறு மணித்தியாலம் நாப்பது நிமிஷம் வாப்பா. அதுக்கு என்ன எழுத?"

அவர் முகட்டைப் பார்த்தார். டொக்டர் கொப்பியை எட்டிப் பார்த்தார். "அடைப்பு எவ்வளவு நேரம் இருந்திச்சோ அவ்வளவுக்குச் சேதம் கூடும்," என்று மட்டும் சொன்னார்.

அப்போதுதான் சுல்பா வாய் திறந்தாள். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் தனக்கென்று ஒரு வரிகூட எழுதச் சொல்லாதவள்.

"எழுது மகள். எட்டரைக்கு மொத சோடா. அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவம் எண்டன். முடிச்சிட்டு எண்டார். பத்து மணிக்குத் திரும்பச் சொன்னன். சத்தம் போடாத, எழுதுற பந்தி குழம்புது எண்டார். பன்னெண்டு மணிக்கு ஆட்டோவக் கூப்பிட்டன், ஓட்டி வந்த பிள்ளையத் திருப்பி அனுப்பிட்டார். ரெண்டு மணிக்கு..."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அருளப்பு சிரிப்பதை விட்டுவிட்டுத் தன் போர்வையைச் சரிசெய்தார்.

எத்தனையோ பேரைப் பதில் சொல்ல வைத்த சாஹுல் ஹமீதுக்கு, தான் பதில் சொல்லவேண்டிய முறை வந்தது இதுதான் முதல் தடவை. கொப்பியை வாங்கி ஒவ்வொரு வரியாக வாசித்தார். ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை. சாட்சியும் பக்கத்திலேயே நின்றது.

"எல்லாம் உண்மை," என்றார். "பேனையத் தா." கீழே கையெழுத்துப் போட்டு, திகதியும் போட்டு, கொப்பியைச் சுல்பாவின் கையில் வைத்தார். அவள் அதை என்ன செய்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

ஆறு கிழமை கழித்து கிளினிக்கில் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். மயங்கிக் கிடந்த தசையில் பாதிக்கு மேல் எழும்பிவிட்டது என்றார் டொக்டர். மற்றது தழும்பு.

"அதுக்கு ஒண்டும் செய்ய ஏலாதா?"

"ஏலாது ஐயா. அதோடதான் இருக்கணும். மருந்துக் குளிசையத் தவறாமப் போடுங்க, மெதுவா நடங்க."

சாஹுல் ஹமீது தலையாட்டினார். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை என்பதைக் கண்டு டொக்டர்தான் பயந்து நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

வெளியே படி இறங்கும்போது சுல்பா அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். "மூச்சு வாங்குதா?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் எடுத்தார்.

"ஓம்," என்றார். "கொஞ்சம் வாங்குது."

இரண்டு பேரும் அந்தப் படியிலேயே, ஏறி இறங்குகிறவர்களுக்கு இடைஞ்சலாக, உட்கார்ந்துகொண்டார்கள்.