ஒரு முழத்துக்கு ஒரு முழம்

காரைக்காலில் சுவர் கழுவிப் பிழைக்க முடியுமா என்று கேட்டால், முடியும். ஒன்பது நாள் முடிந்தது.

என் பெயர் ஜவஹர் அலி. ஷார்ஜாவில் பதினொரு வருஷம் கட்டடம் கழுவினேன். என் மகள் இஃபாத் பிறந்தபோது நான் இருபத்தெட்டாவது மாடியில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தேன். முதல் ஐந்து வருஷம் அவள் என்னைப் போனுக்குள் வசிக்கும் ஆள் என்றே நம்பினாள். லீவில் வந்து வாசலில் நிற்கிறேன், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் மனைவி சுஹைனாவிடம் போய், "உம்மா, வாப்பாவுக்குப் போன் போடு, யாரோ வந்திருக்காங்க" என்றாள். அன்றைக்கு முடிவு செய்தேன், இனிமேல் போவதில்லை என்று.

கையில் இருந்ததைப் போட்டு, பெட்ரோலில் ஓடும் பிரஷர் மிஷின் ஒன்று, ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டையும் ஏற்ற ஒரு பழைய லோடு ஆட்டோ வாங்கினேன். கடலோர ஊர். உப்புக்காற்றுக்கும் மழைக்கும் எல்லாச் சுவரும் கறுத்துப் பாசி பிடித்துக் கிடக்கிறது. இதைவிட நல்ல ஊர் இந்தத் தொழிலுக்குக் கிடையாது என்று நினைத்தேன். சுவரைப் பார்த்துத்தான் நினைத்தேன், சுவருக்குப் பின்னால் இருக்கிற ஆட்களைப் பார்க்கவில்லை.

"தண்ணி எங்களுது, செவுரும் எங்களுது. நடுவுல உங்களுக்கு எதுக்குக் காசு?" என்று கேட்டார் ஒருவர். நியாயமான கேள்விதான். எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. அதில் கழுவினால் காய்ந்ததும் சுவர் முழுக்க வெள்ளை பூக்கும். அதனால் நல்ல தண்ணீரை விலைக்கு வாங்கித் தொட்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். அதைச் சொன்னால், "இவ்வளவு செலவுக்கு வெள்ளையே அடிச்சிடலாமே" என்றார்கள். ஐப்பசியிலிருந்து மூன்று மாசம் மழையே இலவசமாகக் கழுவுகிறது. பொங்கலுக்கு எல்லோரும் வெள்ளை அடிக்கிறார்கள். மீதி மாசங்களில் யாராவது கூப்பிட்டால், "பைக்குக்கு வாட்டர் சர்வீஸ் பண்ணுவீங்களா?" என்பார்கள். கீழவாஞ்சூர்ப் பக்கம் லாரி கழுவலாம் என்று போனேன். டிரைவர்கள் குளத்தங்கரையில் வண்டியை நிறுத்தி, வண்டியையும் தங்களையும் ஒரே வாளியில் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

இதுபோக மிஷின் போடும் சத்தம் வேறு. தெருவுக்குள் ஸ்டார்ட் செய்தால் போதும், கொசு மருந்து அடிக்க வந்துவிட்டார்கள் என்று படபடவென்று எல்லா ஜன்னலையும் சாத்துவார்கள். நான் கழுவுவதை இந்த ஊரில் அநேகமாக யாரும் கண்ணால் பார்த்ததே கிடையாது.

ஷார்ஜாவில் ஒரு வழக்கம் உண்டு. வேலை தொடங்குமுன் சுவரின் ஒரு மூலையில் ஒரு முழத்துக்கு ஒரு முழம் கழுவிக் காட்டுவோம். முதலாளி பார்த்துத் தலையாட்டினால் மொத்தக் கட்டடமும் நமக்கு. முதலில் என் வீட்டுச் சுவரிலேயே மிஷினைச் சோதித்து ஒரு சதுரம் போட்டேன். கறுப்புச் சுவரில் பளிச்சென்று இருந்தது. அடுத்ததாக எதிர்வீட்டு முகம்மது இப்ராஹிம் நானா சுவரில், அவர் முன்னாலேயே போட்டேன். இப்ராஹிம் நானா கப்பலில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். சதுரத்தைத் தடவிப் பார்த்தார். "நல்லாத்தாம்ப்பா இருக்கு. சொல்றேன்" என்றார். அது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

மாசி மாசத்தில் சுஹைனாவின் தம்பி ஆபித் தோஹாவிலிருந்து பேசினான். எனக்கு ஒரு விசா இருக்கிறது, அதே கட்டடம் கழுவும் வேலை, இந்தத் தடவை கீழே நின்று மற்றவர்களைக் கழுவச் சொல்லலாம், பதினைந்து நாளில் பதில் வேண்டும் என்றான்.

சுஹைனா சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "மச்சான், நீங்க போகணும்னு எனக்கு ஆசையா? ஆனா இந்த மிஷினு சோறு போடணும்ல? பதினஞ்சு நாளுக்குள்ள போடும்னு காட்டுங்க. தம்பிகிட்ட நானே வேணாம்னு சொல்லிடுறேன்."

எனக்குப் போக மனமில்லை. ஆனால் மனமில்லை என்று ரேஷன் கடையில் சொல்ல முடியாது.

மறுநாள் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு நேராகக் கோவில்பத்துக்கு ஆட்டோவை விட்டேன். ஆபீஸ் போகிறவர்கள் வசிக்கிற இடம். கொஞ்சம் வசதி, நிறையப் பாசி. ஆட்களிடம் பேசித்தானே தோற்கிறோம், சுவரே பேசட்டும் என்று திட்டம். ரோட்டைப் பார்த்த சுவர் ஒவ்வொன்றிலும் ஒரு சதுரம், சதுரத்துக்குக் கீழே என் நம்பர் போட்ட ஸ்டிக்கர். யாரையும் கேட்கவில்லை. கேட்பதற்கும் ஆள் இல்லை, சத்தம் கேட்டு எல்லா ஜன்னலும் சாத்தியாகிவிட்டது. இரண்டு தெரு, முப்பத்தொரு சதுரம். சந்தோஷமாக வீட்டுக்கு வந்து படுத்துத் தூங்கினேன்.

ஈரச் சுவரில் ஸ்டிக்கர் ஒட்டாது என்பது பதினொரு வருஷம் சுவர் கழுவினவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெயில் ஏறுமுன் எல்லா ஸ்டிக்கரும் விழுந்து, காற்றில் சாக்கடைக்குப் போயிருந்தன. சதுரம் மட்டும் மிஞ்சியது.

மூன்றாம் நாள் போன் வந்தது. கோவில்பத்து இளையபெருமாள், ரிட்டயர்டு கிளார்க். என் நம்பரை எங்கேயோ விசாரித்து வாங்கியிருக்கிறார். போய் நின்றதும் கேட்டைச் சாத்திவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டார்.

"ரோட்டை அகலப்படுத்தப் போறாங்க தம்பி. இடிக்க வேண்டிய வீட்டுக்கெல்லாம் அடையாளம் போட்டுட்டுப் போயிட்டாங்க. விடியக்காலையில, ஒருத்தருக்கும் தெரியாம."

சதுரத்தைக் காட்டினார். என் சதுரம். ஓரம் கொஞ்சம் கோணல்.

"வழக்கமா பெயின்ட்ல தானே சார் போடுவாங்க?" என்றேன்.

"அதான் இல்ல. பெயின்ட்ல போட்டா நாம அதும்மேல பெயின்ட் அடிச்சு மறைச்சிடுவோம்ல? அதனால இப்பக் கழுவி அடையாளம் வைக்கிறாங்க. மேல டிரோன் விட்டாப் பளிச்சுன்னு தெரியும். நான் முப்பத்திரண்டு வருஷம் ஆபீஸ்ல இருந்தவன், எனக்குத் தெரியாதா?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அல்லாஹ் சாட்சி, திறந்தேன். அதற்குள் அவர், "எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல, முழுச் செவுரையும் கழுவிடுங்க. சதுரம் தெரியக்கூடாது" என்றார். எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை என்று ஒன்றரை வருஷத்தில் யாரும் என்னிடம் சொன்னதில்லை. வாய் தானாக மூடிக்கொண்டது.

அதற்கப்புறம் போன் ஓயவில்லை. காலையில் ஒரு வீடு, மதியம் ஒரு வீடு. வாசலில் மோர் கொடுத்தார்கள். நாற்காலி போட்டார்கள். வெள்ளை அடிக்கலாமே என்று ஒருவரும் சொல்லவில்லை. அடித்தால் டிரோனுக்குச் சந்தேகம் வருமாம். ஒருவர் சதுரமே இல்லாத தன் வீட்டையும் எதற்கும் இருக்கட்டும் என்று கழுவச் சொன்னார். உண்மையை ஊகிக்கக்கூடிய ஒரே ஆள், நான் சதுரம் போடுவதை நேரில் பார்த்த இப்ராஹிம் நானா. அவர் எதையும் சொல்றேன் என்பாரே தவிர, சொல்ல மாட்டார்.

எனக்கு உறுத்தவில்லையா என்றால், உறுத்தியது. கழுவுகிற வேலை உண்மையான வேலைதானே, கழுவிய சுவர் உண்மையாகவே சுத்தமாக இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டேன். ராத்திரி இஃபாத் என் காலைப் பிடித்துக்கொண்டு தூங்கியபோது அந்தச் சமாதானம் இன்னும் நன்றாகப் பொருந்தியது. சுஹைனா முகத்தில் சிரிப்பு வந்திருந்தது. வந்த காசில் அவள் முதலில் எனக்கு முழங்கால் வரைக்கும் ஒரு ரப்பர் பூட்ஸ் வாங்கி வந்தாள்.

வேலை வரத் தொடங்கிய ஒன்பதாம் நாள் தையல்நாயகி அக்கா வாசலில் போய் நின்றேன். மண்டபத்தூர்க் கரையில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிறவர். தெருக் கோடியில் சின்ன ஓட்டு வீடு. முன்சுவர் ரோட்டை ஒட்டியே நிற்கிறது. அதன் நட்டநடுவில் என் சதுரம். அன்றைக்கு யார் வீடு, என்ன வீடு என்று பார்க்காமல் வரிசையாக அடித்துக்கொண்டே போயிருக்கிறேன்.

நான் கேட்காமலே மடியிலிருந்து காசை எடுத்து நீட்டினார். "எண்ணிக்குங்க பாய். முழுசாக் கழுவிடுங்க."

அப்போதுதான் அவர் காதைப் பார்த்தேன். தோட்டுக்குப் பதிலாக இரண்டு காதிலும் ஈர்க்குச்சி சொருகியிருந்தது.

"தோடு எங்கக்கா?"

"வச்சிட்டு வந்தேன். வேற எங்க போவேன்? எங்க வீட்டுக்காரர் போனப்புறம் இருபது வருஷம் மீன் வித்துக் கட்டின வீடு பாய் இது. பத்து நாளாத் தூக்கம் இல்ல. சதுரம் போயிட்டா இடிக்க மாட்டாங்கள்ல?"

சொல்லாமல் கழுவிவிட்டுப் போயிருக்கலாம். கழுவினால் அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஆனால் அந்த ஈர்க்குச்சியைப் பார்த்துக்கொண்டு என்னால் மிஷினை ஸ்டார்ட் செய்ய முடியவில்லை. வெட்கமாக இருந்தது. பூட்ஸோடு நின்றது இன்னும் வெட்கமாக இருந்தது.

"அக்கா, ஒருத்தரும் இடிக்க வரல. இந்தச் சதுரத்தைப் போட்டது நான்தான். விளம்பரத்துக்குப் போட்டேன். ஸ்டிக்கர் விழுந்துட்டுது."

அவர் தெருவைத் திரும்பிப் பார்த்தார். "எல்லா வீட்லயுமா?"

"எல்லா வீட்லயும்."

"அப்ப இடிக்க மாட்டாங்க?"

"மாட்டாங்கக்கா."

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அழுது முடித்துவிட்டு எழுந்து என்னைத் திட்டினார். மீன் விற்கிறவர் திட்டுவதைக் கேட்டால்தான் தமிழ் எவ்வளவு பெரிய பாஷை என்று தெரியும். என் வாப்பாவின் வாப்பா வரைக்கும் போய்விட்டு வந்தார். பிறகு காசை மடியில் முடிந்துகொண்டு, "கழுவிட்டுப் போ. சும்மா" என்றார். தோட்டை மீட்க ஒரு நடை, பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு வியாபாரத்துக்குக் கிளம்பினார். நான் கழுவினேன். அவ்வளவு நன்றாக நான் ஷார்ஜாவில்கூடக் கழுவியதில்லை.

அவர் அன்றைக்கு மத்தி மீனும் விற்றார், என்னையும் விற்றார். மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அடுத்தடுத்துச் சொல்லியிருந்த நாலு வீடும் வேண்டாம் என்றன. கழுவியவர்களில் இரண்டு பேர் காசைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்தேன். இளையபெருமாள் சார் காசு கேட்கவில்லை. என் சுவரைப் பழையபடி ஆக்கிக் கொடு என்றார்.

"நாலஞ்சு மழைக்காலம் வரட்டும் சார், ஆயிடும்" என்றேன். போனை வைத்துவிட்டார்.

வீட்டுக்குப் போனேன். தோஹாவுக்குப் பதில் சொல்ல இன்னும் மூன்று நாள் இருந்தது. சரி, போகிறேன் என்று சொல்லிவிடலாம், வேறு வழி இல்லை என்று வழியெல்லாம் மனசைத் தேற்றிக்கொண்டு வந்திருந்தேன். சுஹைனா வாசலிலேயே நின்றாள், முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பிகிட்ட வேணாம்னு சொல்லிட்டேன் மச்சான். நேத்தே. விசாவை அவன் நாகூர்க்காரர் ஒருத்தருக்குக் கொடுத்துட்டான்."

பூட்ஸைக் கழற்றினேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். முப்பத்தொரு சதுரம், டிரோன், ஈர்க்குச்சி. அவள் சிரிப்பு மெதுவாகப் போனது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஏதாவது உடையும் என்று காத்திருந்தேன்.

"அந்த அக்கா தோட்டை மீட்டுட்டாங்களா?" என்றாள்.

"மீட்டுட்டாங்க."

"நீங்க சொல்லாம இருந்திருந்தா இன்னும் எத்தன நாளு ஓடியிருக்கும்?"

"ஒரு வாரம், பத்து நாள்."

"அப்புறம்?"

பூட்ஸை ஓரமாக வைத்தேன். சுஹைனா உள்ளே போய்ச் சோற்றை எடுத்து வைத்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்துபோய்த் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தாள். பாதி இருந்தது.

"முதல்ல நம்ம செவுரைக் கழுவுங்க. ஒன்றரை வருஷமா அந்த ஒரு சதுரத்தைப் பாத்துப் பாத்து எனக்குக் கண்ணு வலிக்குது. செவுரு கழுவுறவரு வீட்டுச் செவுரு இந்த லட்சணத்துல இருந்தா எவன் கூப்புடுவான்?"

இதை அவள் ஒன்றரை வருஷம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். நானும் ஒன்றரை வருஷம் முன்னாலேயே யோசித்திருக்கலாம்.

சாயங்காலம் மிஷினை எடுத்தேன். சத்தம் கேட்டதும் தெருவில் ஜன்னல்கள் சாத்தத் தொடங்கின. சுஹைனா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடுத்தெருவில் போய் நின்று, "கொசு மருந்து இல்ல லாத்தா, செவுரு கழுவுறோம், வந்து பாருங்க!" என்று ஒவ்வொரு வீடாகக் குரல் கொடுத்தாள். ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தது. நான் மேலிருந்து கீழாக, ஒரு முழம் விடாமல் கழுவிக்கொண்டே வந்தேன். இஃபாத் படியில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க வாப்பா" என்று என்னைக் காட்டினாள். இருட்டுமுன் பழைய சதுரம் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை.

இப்ராஹிம் நானா வெளியே வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முழுச் சுவரையும் பார்த்தார். தன் சுவரைத் திரும்பிப் பார்த்தார். அதில் சதுரம் அப்படியே இருந்தது.

"நல்லாத்தாம்ப்பா இருக்கு" என்றார். "சொல்றேன்."

"சொல்றதை இப்பவே சொல்லிட்டுப் போங்க நானா" என்றாள் சுஹைனா. "அவருக்கு விசா இல்ல."

இப்ராஹிம் நானா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், படியில் இருந்த இஃபாத்தைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை வந்து கழுவுப்பா" என்றார்.