நாலு மணிப் பார்வையாளர்

"சிஸ்டர், என் மக வந்தாளா?"

அப்பாவின் கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்தின் வேகத்தைச் சரிசெய்துகொண்டிருந்தவளுக்கு விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. அம்மா போனபின் பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டில் இருந்ததே இவர்கள் இரண்டு பேர்தான். அவளைப் பார்த்துத்தான் கேட்கிறார் மனிதர்.

முகக்கவசத்தை இறக்கினாள். "அப்பா, நான்தான். உங்க மக."

"எல்லா சிஸ்டரும் இதையேதான் சொல்றீங்க" என்று மருந்து மயக்கத்திலேயே சிரிக்கப் பார்த்தார். மூச்சு இடறியது.

அவர் சொன்னதில் என்ன தப்பு? யாராவது முரண்டு பிடித்தால், 'என்னை உங்க மகளா நினைச்சுக்கோங்க' என்று தாஜா பண்ணித்தான் மாத்திரையை உள்ளே தள்ளுவது. அவள் வேலை பார்க்கும் மூன்றாம் மாடி வார்டில் அவளுமே பத்துப் பெரியவர்களுக்காவது மகள்.

"என் மகளும் நர்ஸ்தான். ஆனா இப்படிப் பதமாப் பேச மாட்டா. வாயைத் திறந்தா எரிஞ்சு விழுவா." கண்களை மூடிக்கொண்டார். "இருந்தாலும் அவ வந்தா நல்லாருக்கும்."

அவளுக்குச் சுருக்கென்றது. இருந்த பொறுமையை எல்லாம் ஊரார் கட்டிலோரம் கொட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் அவரிடம் காட்டியது மிச்சமிருந்த கடுகடுப்பைத்தான். இப்போதே நாலு வார்த்தை திட்டினால் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் இந்த உடுப்போடு, ஒரு நோயாளியின் தலைமாட்டில் நின்று திட்ட வாய் வரமாட்டேன் என்கிறதே! அதற்குள் மேலே அவள் வார்டிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. பதினேழாம் படுக்கைக்கு மூச்சுத் திணறல்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் சொந்தக்காரர்களை விடுவது நாலு மணிக்குத்தான். உடுப்பு இருந்ததால்தான் நடுவில் ஐந்து நிமிஷமாவது எட்டிப்பார்க்க முடிந்தது. நாலு மணிக்கு வீட்டுத் துணியோடு, மகளாகவே வருவது என்று படியேறும்போதே முடிவு செய்துகொண்டாள்.

இரண்டு மணிக்கு வரவேண்டிய அடுத்த ஷிப்ட் நர்ஸ் மூன்றுக்கு வந்தாள். ஒவ்வொரு படுக்கையாக ஒப்படைத்து, உடை மாற்றிக்கொண்டு கீழே வந்தபோது மணி மூன்று இருபது. வரிசையில் ஏழாவது ஆளாக நின்றாள்.

"என்ன சிஸ்டர், நீங்க போய் வரிசைல நின்னுக்கிட்டு? உள்ள போங்க" என்றார் காவலாளி.

முன்னால் நின்ற ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். 'நாலு மணிக்கு முன்னாடி ஈ காக்கா போகக்கூடாது' என்று தன் வார்டு வாசலில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்!

"இருக்கட்டும்ண்ணே. இன்னைக்கு நானும் பார்வையாளர்தான்."

என்னென்ன சொல்லித் திட்டுவது என்று மனசுக்குள் கோத்துக்கொண்டிருந்தாள். 'போன வாரமே நெஞ்சு வலிச்சிருக்கு, ஏன் சொல்லல? நான் ஒருத்தி வீட்ல எதுக்கு இருக்கேன்?' வெகுநாளைக்குப் பிறகு அவரோடு பேச இவ்வளவு ஆசையாக இருந்தது.

மூன்று நாற்பதுக்குக் கதவு திறந்தது. தலைமை நர்ஸ் வெளியே வந்து, வரிசையைத் தாண்டி நேராக அவளிடம் வந்து தோளைத் தொட்டார். அப்படித் தொடுவது எதற்கு என்று அவளுக்குத் தெரியாதா?

உள்ளே இளம் நர்ஸ் ஒருத்தி குழாய்களை எடுத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அப்பாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது.

"ஒரு இருபது நிமிஷம் பொறுக்க முடியலையா உனக்கு?" குரல் அந்த அறைக்கே கேட்டது. "எல்லாத்துலயும் அவசரம்! சொன்ன பேச்சை என்னைக்குத்தான் கேட்டிருக்கே?"

பக்கத்துக் கட்டில்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். யாரும் அவளை அடக்கவில்லை. போர்வையை இழுத்து அவர் பாதங்களை மூடினாள்.

கொஞ்ச நேரம் கழித்து இளம் நர்ஸ் உடலை ஒப்படைக்கும் படிவத்தை நீட்டினாள். வாங்கிய கையோடு பேனாவை எடுத்து, மளமளவென்று கையெழுத்துப் போட்டு, மணியையும் குறித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

அந்தப் பெண் தயங்கினாள். "அக்கா... இது ஒப்படைக்கிற நர்ஸ் போடுற இடம். நீங்க வாங்கிக்கிற பக்கம் போடணும்."

பிறகு தானே போய் வேறொரு படிவம் கொண்டுவந்தாள். உறவுமுறை என்று இருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டி, அவள் எழுதி முடிக்கும்வரை காகிதம் நகராமல் பிடித்துக்கொண்டாள்.