ஊஞ்சலில் தொங்கிய சிவப்பு அட்டை

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு கெட்ட பழக்கம். பழுதான எதைப் பார்த்தாலும் சும்மா விடமாட்டான். சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்து, கம்பியால் இறுக்கிக் கட்டித் தொங்கவிட்டால்தான் அவனுக்கு மறுவேலை ஓடும். ‘பழுது. தொடாதே.’ தொழிலில் அது சட்டம், வீட்டில் அது தொல்லை. மிக்ஸி, மின்விசிறி சுவிட்ச், மகளின் மூன்று சக்கர சைக்கிள் என்று குடும்பம் நடத்திய காலத்தில் அவன் அட்டை மாட்டாத பொருளில்லை. “ஒண்ணை உங்க கழுத்துல மாட்டிக்கங்க, பொருத்தமா இருக்கும்” என்றாள் மனைவி. முதலில் சிரித்துக்கொண்டு சொன்னாள். பிறகு சிரிக்காமலும் சொன்னாள். கடைசியில் ஆளுக்கொரு வீடாகிவிட்டது.

வீடு என்று மரியாதைக்குச் சொல்வது. அவனுக்கு வாய்த்தது ஒரு கட்டிலும் ஒரு நாற்காலியும் போட்டால் மூச்சு முட்டும் அறை. குளியலறையை மாடி முழுக்கப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அங்கே எட்டு வயதுப் பிள்ளையை எப்படிக் கூட்டி வருவது? அதனால் ஞாயிறுதோறும் பூங்காதான். ‘வாலு’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தப் பெயரே நிலைத்துவிட்ட மகளை அம்மா வாசலில் விட்டுவிட்டுப் போவாள், சாயங்காலம் வந்து அழைத்துக்கொள்வாள்.

அந்த ஒரு நாளுக்காக மனுஷன் சனிக்கிழமையே போய் ஒத்திகை பார்ப்பான். எந்தச் சறுக்கு மரம் வெயிலில் சுடுகிறது, கழிப்பறை எந்தப் பக்கம், எந்த மரத்தடியில் எறும்பு இல்லை என்று எல்லாம் அத்துப்படியாக வேண்டும் அவனுக்கு. பிள்ளை இல்லாமல் சறுக்கு மரத்தைத் தடவிப் பார்க்கும் ஆளை ஊர் எப்படிப் பார்க்கும்? அம்மாமார்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்து வைத்துக்கொண்டார்கள். ஒருமுறை காவலாளி நேராகவே வந்து, “உங்க குழந்தை எது சார்?” என்று கேட்டார். “நாளைக்கு வரும்” என்றான். காவலாளி அவனை வாசல்வரை கொண்டுபோய் விட்டார்.

இந்த வாரம் மனைவியிடமிருந்து ஃபோன் வந்தது. நீச்சல் வகுப்பு ஆரம்பிக்கிறதாம், ஞாயிறு மட்டும்தானாம். வாலுவின் சேக்காளிகள் எல்லாம் சேர்ந்துவிட்டார்கள். இவளுக்கும் கொள்ளை ஆசை, ஆனால் சேருகிறேன் என்றும் சொல்லமாட்டேன் என்கிறாள், வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன் என்கிறாள். முடிவு அவளுடையது, நான் நடுவில் வரவில்லை என்று சொல்லி மனைவி ஃபோனை வைத்துவிட்டாள். அவனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்த ஞாயிறும் போனால் அவனுக்கு வாரத்தில் மிச்சம் என்ன இருக்கிறது?

நீச்சலை அவள் அடியோடு மறக்கும்படி ஒரு நாளைக் கொடுத்துவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள பெரிய பூங்காவில் ஓர் உயரமான ஊஞ்சல் உண்டு. முன்பு ஒருநாள் கூட்டத்தில் ஏறக் கிடைக்காமல் வாலு அழுதுகொண்டே திரும்பிய ஊஞ்சல். சனிக்கிழமை போய் அண்ணாந்து பார்த்தான். மேலே கொக்கி பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. கை பாட்டுக்குப் பைக்குள் போயிற்று. சங்கிலிகளைச் சேர்த்துக் கட்டி அட்டையை மாட்டிவிட்டுப் பாதி வழி வந்த பிறகுதான், தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது உறைத்தது. அதற்காகத் திரும்பிப் போய்க் கழற்ற முடியுமா? கொக்கி கொக்கிதானே.

மறுநாள் வாலு கையை உதறிக்கொண்டு ஊஞ்சலுக்குத்தான் ஓடினாள். ஓடியவள் நின்று, அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

“அப்பா, இது உங்க அட்டை.”

அவன் அசடு வழிந்தான். “கொக்கி தேஞ்சிருக்குடா. ஆடினா விழுந்துடுவே.”

“எப்ப மாட்டினீங்க?”

“நேத்து” என்று வாயை விட்டுவிட்டான்.

வாலு ஊஞ்சலை விட்டுவிட்டாள். அதற்காக அழுவாள் என்று பார்த்தால், அவனையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நேத்து நான் வரலையே. தனியாவா வந்தீங்க?”

அவன் வாய் திறப்பதற்குள் அடுத்ததையும் கேட்டாள். “நான் நீச்சலுக்குப் போயிட்டா, ஞாயித்துக்கிழமையும் தனியாதான் வருவீங்களா?”

இத்தனை நாள் அவள் முடிவு சொல்லாததற்குக் காரணம் இதுதான் என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. ‘ஆமாம்’ என்ற ஒரு சொல் போதும், அவள் வருவாள். ஆசையாக வரமாட்டாள், பாவம் பார்த்து வருவாள். இருந்தாலும் வருவாள். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, பொய் சொல்வானேன்.

“தனியாவா? நல்லா கேட்ட போ” என்றான். “ஒரு பட்டாளமே வந்தோம்.”

பிறகு அவிழ்த்துவிட்டான் பாருங்கள். எலக்ட்ரீஷியன் வந்தானாம், தச்சர் வந்தாராம், குண்டு பெயிண்டர் சறுக்கு மரத்தில் நடுவழியில் சிக்கி, நாலு பேர் காலைப் பிடித்து இழுத்தார்களாம். வாலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் தோளிலிருந்து ஏதோ இறங்கியது அவன் கண்ணுக்கே தெரிந்தது. அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. ராட்டினம், சறுக்கு மரம், புல்வெளி என்று ஓடினாள். நடுநடுவே நீலக் கண்ணாடி வாங்க வேண்டும், தலைக்குத் தொப்பி வாங்க வேண்டும் என்று நீச்சல் கதை. இவ்வளவு சந்தோஷமாக அவளை அவன் எந்த ஞாயிறும் பார்த்ததில்லை.

சாயங்காலம் வாசலில் அம்மாவைக் கண்டதும் வாலு கொட்டித் தீர்த்துவிட்டாள்.

“அம்மா, நான் நீச்சலுக்குப் போறேன். அப்பாவுக்கு நிறைய ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க. நேத்து எல்லாரும் இங்க வந்தாங்களாம். ஒரு பெயிண்டர் சறுக்கு மரத்துல மாட்டிக்கிட்டாராம்.”

கல்யாணத்துக்குக்கூட நண்பன் என்று ஓர் ஆளை அழைத்து வராதவன் அவன். மனைவிக்கா தெரியாது? அவள் அவனைப் பார்த்தாள். அவன் குனிந்து மகளின் பை வாரைச் சரி செய்துகொண்டிருந்தான், சரியாக இருந்த வாரை.

“அப்படியா” என்றாள். மகள் கையைப் பிடித்துக்கொண்டு நாலடி போனவள் திரும்பினாள். அவள் குரல் இப்படி இறங்கி அவன் கேட்டு வெகுநாளாகிவிட்டது.

“அந்தப் பெயிண்டரை உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க. வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்க.”

“சொல்றேன்” என்றான்.