கை கேட்காத இங்கிலீஷ்

கிரேன் புதுக் கம்பெனியின் கைக்குப் போனதுமே சட்டமும் மாறிவிட்டது. இனிமேல் கைச்சாடை கூடாது. கீழே நிற்கும் சிக்னல்காரன் வாக்கிடாக்கியில் இங்கிலீஷில் சொல்ல வேண்டும்; மேலே கூண்டில் இருக்கும் ஆபரேட்டர் அதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் லீவரைத் தொட வேண்டும். பரீட்சை வைப்பார்கள். தேறாதவன் கூண்டை விட்டு இறங்கி சிமெண்ட் மூட்டை தூக்கப் போகலாம்.

சிக்னல்காரன் முன்பு வேலை பார்த்த இடங்களில் காதால் கேட்டே கொஞ்சம் இங்கிலீஷ் பிடித்து வைத்திருந்தான். பாடு ஆபரேட்டருக்குத்தான். அவன் சிக்னல்காரனின் மனைவிக்குத் தம்பி. அந்த வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை எல்லாம். சாடை பார்த்து ஓட்டினால் பூ வைப்பது போல இரும்பை இறக்குவான். இங்கிலீஷ்தான் மண்டையில் ஏறாது.

வேலை முடிந்து வந்ததும் சமையலறையில் பயிற்சி. கரண்டிக் காம்பில் நூலைக் கட்டி, நுனியில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டால் கிரேன். புருஷன் சொல்லிக்கொடுத்ததை அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டே தினமும் ஒரே வரிசையில் சொல்வாள். ஹாய்ஸ்ட் என்றால் தூக்கு. ஸ்லூ லெஃப்ட் என்றால் இடது பக்கம் திருப்பு. டிராலி அவுட் என்றால் கொக்கியை வெளிப்பக்கம் தள்ளு. லோவர் என்றால் இறக்கு. தம்பி திருப்பிச் சொல்லிக் கரண்டியை ஆட்டுவான்.

"லோவர்னதும் பூட்டைப் பானைக்குள்ள இறக்கிடாத மச்சான்."

"போங்க மாமா. நீங்க ஆக்குறதைவிட அது ருசியாத்தான் இருக்கும்."

"என் தம்பியைக் கிண்டல் பண்ணாதீங்க. தண்ணி பட்ட பாடா சொல்றான் பாருங்க," என்றாள் அவள்.

பரீட்சையன்று காலையில் வாசல்வரை வந்தாள். "இதை விட்டா அவனுக்கு வேற கதி இல்லைங்க. எப்படியாவது கரை சேர்த்துடுங்க."

பரீட்சை வைக்க வந்த அதிகாரி தகர ஆபீசுக்குள் ஏசிக்குக் கீழே போய் உட்கார்ந்தார். அவருக்கு வேலை காதோடு சரி. வாக்கிடாக்கியில் வருவதைக் கேட்டு மார்க் போடுவார். எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டை மட்டும் சிக்னல்காரனிடம் கொடுத்திருந்தார்.

சுமை ஒரு கட்டு இரும்புக் குழாய். அது சுழலாமல் இருக்க அதில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே ஒரு பெரியவர் நின்றார். அவருக்குப் பின்னால் சுவர், இரண்டு பக்கமும் கம்பி அடுக்கு.

"ஹாய்ஸ்ட்."

"ஹாய்ஸ்ட்." கட்டு எழும்பியது.

"ஸ்லூ லெஃப்ட்."

"ஸ்லூ லெஃப்ட்." திரும்பியது.

அடுத்ததாகச் சீட்டில் டிராலி இன் என்றிருந்தது. கொக்கியைக் கிரேன் பக்கமாக உள்ளே இழுக்க வேண்டும்.

"டிராலி இன்."

"டிராலி இன்." மணி அடித்த மாதிரி பதில் வந்தது. கட்டு வெளியே நகர்ந்தது.

சிக்னல்காரன் தன் கண்ணைத்தான் முதலில் சந்தேகப்பட்டான். நிறுத்தி நிதானமாக மறுபடி சொன்னான். அதே பதில், அதே தெளிவு. கட்டு இன்னும் வெளியே போய்ப் பெரியவரின் தலைக்கு நேராக வந்தது. அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

அப்போதுதான் உறைத்தது. சமையலறை வரிசை! திருப்பியதும் வெளியே தள்ளு; தள்ளியதும் இறக்கு. வாய் காதில் விழுந்ததைச் சொல்கிறது, கை மனப்பாடம் ஆனதைச் செய்கிறது. இனி எதைச் சொன்னாலும் அவன் இறக்கிவிடுவான். ஸ்டாப் என்று கத்தலாம். ஸ்டாப் என்று சொல்லிக்கொண்டே லீவரைத் தள்ளமாட்டான் என்று என்ன நிச்சயம்?

சிக்னல்காரன் இரண்டு கைகளையும் அகல விரித்தான். நிறுத்து என்பதற்குப் பழைய சாடை. கட்டு அந்தரத்தில் அப்படியே நின்றது.

ஆபீஸ் கதவு மூடியிருந்தது. ஒரு கையில் வாக்கிடாக்கியைப் பிடித்து, சீட்டில் இருந்ததை இங்கிலீஷில் சொன்னான். மறுகையால் சாடை காட்டினான். மேலேயிருந்து அட்சரம் பிசகாமல் பதில் வந்தது. இரும்பும் சொன்ன பேச்சு கேட்டது. உள்ளே வந்து, வலது பக்கம் திரும்பி, மண்ணில் அலுங்காமல் உட்கார்ந்தது.

பெரியவர் கயிற்றை உதறிவிட்டு வந்தார்.

"போட்டுத் தள்ளியிருப்பானே உன் மச்சான்."

"அதிகாரிகிட்ட சொல்லப் போறேன்."

"எதுக்குப்பா? சாடை காட்டினது தெரிஞ்சா உனக்கும் சீட்டுக் கிழியும். விடு. உன் வீட்டுப் பையன். ரெண்டு நாள்ல பழகிக்குவான்."

"அந்த ரெண்டு நாளும் நீங்க கீழ நிப்பீங்களா?"

பெரியவர் குனிந்து கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார்.

அதிகாரி சிரித்த முகமாக வெளியே வந்தார். குட், வெரி குட் என்று தோளில் தட்டினார். பேப்பரை நீட்டி, சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார். சிக்னல்காரன் பேனாவை வாங்கவில்லை. மனசுக்குள் கோத்து வைத்திருந்த இங்கிலீஷ் எல்லாம் உதிர்ந்து போயிருந்தது.

"சார். நோ பாஸ். ஹி சே கரெக்ட். ஹி டூ ராங். ஐ ஷோ ஹேண்ட்."

அதிகாரியின் சிரிப்பு போய்விட்டது. நீ என்ன சொல்கிறாய் என்று தெரிந்துதான் சொல்கிறாயா என்று இங்கிலீஷில் கேட்டார்.

"யெஸ் சார்."

அவர் பேப்பரில் கோடு கிழித்தார். சிக்னல்காரனின் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

ஏணியில் தடதடவென்று இறங்கி வந்தான் மச்சான். "குட்னு சொன்னார்ல? வாக்கிடாக்கில கேட்டுச்சே. உனக்கு எங்க வலிச்சுது மாமா?"

"டிராலி இன்னுன்னா எந்தப் பக்கம்டா?"

மச்சான் கையைத் தூக்கினான். அது பாதியில் நின்றது. முகம் சிவந்து, தலைக்கவசத்தைக் கழற்றித் தரையில் அடித்தான்.

"இன்னிக்கு வீட்டுல உனக்குச் சோறு விழுதான்னு பாரு."

"விழலேன்னா பட்டினி கிடக்கிறேன்," என்றான் சிக்னல்காரன். "நட."